கிம்புலா அண்ணனின் மூன்றாவது ஆல்பம்

தன் பாட்டை நிறுத்துவதற்காகவே ஜனங்கள் காசு கொடுத்துப் பாண் வாங்கிய பாடகர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் ஹட்டனில், எங்கள் ரோட்டில் இருந்தார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அடையாள அட்டையைப் பார்த்தால் தெரியும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் கிம்புலா அண்ணன். கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. முதலை மாதிரி நீளமாக, முதுகில் சீனி தூவிய ஒரு பணிஸுக்கு இங்கே கிம்புலா பணிஸ் என்று பெயர். பேக்கரியில் இருந்து ஆட்டோவில் பாண் கொண்டுவந்து விற்ற அண்ணனிடம் அதிகம் விற்றது அதுதான். ஆனால் பெயர் பணிஸில் இருந்து வந்ததா, குரலில் இருந்து வந்ததா என்பதில் எங்கள் ரோட்டில் இரண்டு கட்சி இருந்தது. நான் குரல் கட்சி.

அப்போது நான் ஹட்டனில் ஒரு காப்புறுதிக் கம்பனிக் கிளையில் வேலை செய்தேன். என் வீட்டுக்காரர் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் திருத்துகிறவர். டவுனுக்கு மேலே ஏறிப் போகும் ஒரு ரோட்டில் கீழ்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மேல்மாடியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த சங்கீத டீச்சர் ஒருவர் இருந்தார்.

நாடு முழுக்கப் பாண் ஆட்டோக்களுக்கு ஒரே மெட்டுத்தான். சின்னப் பெட்டியில் இருந்து கிணுகிணு என்று வரும். தூரத்தில் கேட்டாலே பிள்ளைகள் காசை எடுத்துக்கொண்டு ஓடும். கிம்புலா அண்ணனுக்கு இது சரிப்படவில்லை.

"மிஸ், எல்லாப் பாணுக்கும் ஒரே டியூனுன்னா, நம்ம பாணு வருதுன்னு எப்புடித் தெரியும்? நம்மளுக்குன்னு ஒரு பாட்டு வேணும்ல?"

சொன்னதோடு நிற்கவில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கோயில் திருவிழாக்களில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற ஒரு குழாய் ஸ்பீக்கரை வாங்கி ஆட்டோவின் கூரையில் கட்டினார். அதில் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிய பாட்டைப் போட்டுவிட்டார்.

விடிந்தும் விடியாததுமாகப் பனிக்குள் இருந்து முதலில் ஒரு கரகரப்பு வரும். அது பாட்டுத்தான் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அந்த ஸ்பீக்கரில் வார்த்தைகள் எல்லாம் கரைந்துபோய் "கடி... கடி... கடி..." என்ற ஒன்றுதான் மிஞ்சும். எங்கள் ரோட்டு நாய்கள் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டன. பாண் வாங்கப் போகிறவர்கள் ஒரு கையில் காசும் மறு கையில் தடியுமாகப் போக வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாசல் கேட்டுக்கு வந்தார்.

"அண்ணே, மொதல்ல அத நிப்பாட்டுங்க. ரெண்டு பாணு எடுத்துக்கிறேன்."

"கடைசிச் சரணம்மா. முடிஞ்சிரும்."

"மூணு எடுத்துக்கிறேன்!"

அண்ணன் நிறுத்தினார். இப்படியே வீட்டுக்கு வீடு நடந்தது. பாண் வேண்டாத வீட்டிலும் ஒன்று வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வியாபாரம் உண்மையிலேயே கூடிவிட்டது. அண்ணன் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்.

"பாட்டுக்கு ஒரு சக்தி இருக்குங்க மிஸ். பாருங்க, பேக்கரிக்காரரே ஆச்சரியப்படுறாரு."

சங்கீத டீச்சர் நியாயமான மனுஷி. ஒருவரைக் குறை சொல்வதாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று நினைப்பவர். ஒரு காலை குளிருக்குத் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து ஆட்டோவை மறித்தார்.

"அண்ணை, ஒரு நிமிசம் நில்லுங்கோ. உங்கட பாட்டில சுருதி இல்லை."

கிம்புலா அண்ணன் உடனே இறங்கினார். பின்னால் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று அக்கறையாகத் தேடினார்.

"ஆமாங்க டீச்சர், இல்ல. நாளைக்குக் கொண்டாறேன். அது இனிப்புங்களா, காரமா?"

டீச்சர் மீன் வைத்த மாலுப் பணிஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். அண்ணன் கேலி செய்தாரா, நிஜமாகவே தேடினாரா என்று எங்களுக்குள் பல நாள் வாதம் நடந்தது. அவர் முகத்தில் இருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. மழையையும் வெயிலையும் ஒரே முகத்தோடு பார்க்கிற மனிதர்.

பிறகு யாரோ பொலிசில் சொல்லிவிட்டார்கள். சார்ஜன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கோபக்காரர் இல்லை. சத்தத்தைக் கொஞ்சம் கீழே இறக்கும்படி சிங்களத்தில் பொறுமையாகச் சொல்லிவிட்டு, ஒரு கிம்புலா பணிஸையும் தின்றுவிட்டுப் போனார். அண்ணன் சட்டத்தை மதிக்கிறவர். அன்றைக்கே ஸ்பீக்கரைக் கூரையில் இருந்து அவிழ்த்து ஆட்டோவின் கால் வைக்கும் இடத்தில் கட்டினார்.

"எறக்கச் சொன்னாங்க. எறக்கிட்டேன்."

முன்பு பாட்டு எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. இப்போது அது நேராக நாய்களின் காதுக்குள் போனது. அதற்குப் பிறகு எங்கள் ரோட்டில் ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது.

இத்தனைக்கும் அண்ணன் வெறும் ஸ்பீக்கர் பாடகர் இல்லை. அவருக்கு மூன்று ஆல்பங்கள் இருந்தன. அவர் "ஆல்பம்" என்றுதான் சொல்வார். முதலாவது, மலையில் இருந்து குழாய் வழியே விழும் தண்ணீரின் பெயரில் 'பீலித் தண்ணி', இரண்டாவது 'கடைசி பஸ்', மூன்றாவது 'அட்டைக்கடி'. எல்லாம் தன் வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் பதிந்து, சீடியில் அடித்து, அட்டைப் படத்தையும் தானே வரைந்து, பொலித்தீன் சுற்றி ஒட்டியவை. நான்கு பணிஸ் வாங்கினால் ஒரு ஆல்பம் இலவசம். சிலர் மூன்று பணிஸோடு நிறுத்திக்கொண்டார்கள்.

'அட்டைக்கடி' வெளியீட்டு விழா டவுனுக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்தது. "அனைவருக்கும் பணிஸ் வழங்கப்படும்" என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததால் மண்டபம் நிறைந்துவிட்டது. அண்ணன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறியதும் மழை பிடித்தது. தகரக் கூரை. ஹட்டன் மழை. அதற்குப் பிறகு அவர் வாய் அசைந்ததையும் விரல் அசைந்ததையும் பார்த்தோமே தவிர, ஒரு சத்தம் கேட்கவில்லை. பிரதம விருந்தினராக வந்த ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து நீண்ட நேரம் பேசினார். அதுவும் கேட்கவில்லை என்பது அந்த மழைக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடன்.

யாரும் எழுந்து போகவில்லை. பணிஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி பாடகரின் இடுப்பில் இருந்தது.

கடைசிப் பாட்டு முடிகிற நேரத்தில் மழை நின்றது. அந்தத் திடீர் அமைதியில் அண்ணன், "அவ்வளவுதாங்க" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வாசலில் ஆளுக்கு ஒரு பணிஸும் ஒரு சீடியும் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சீடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தம்பி, இதுக்குப் பதிலா இன்னொரு பணிஸ் கெடைக்குமா?" என்றார். அண்ணன் கொஞ்சமும் முகம் கோணாமல் பணிஸையும் கொடுத்து, சீடியையும் அவருடைய பையிலேயே போட்டுவிட்டார்.

அந்தச் சீடிகள் வீணாகப் போயின என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் வீட்டைச் சுற்றி நாலு அடி மண் இருந்தாலும் போஞ்சி, கரட், பீட்ரூட் என்று எதையாவது போட்டுவிடுவோம். குருவியும் காகமும் வந்து கொத்தும். நூலில் கட்டித் தொங்கவிட்டால் சீடி வெயிலில் மின்னி அவற்றை விரட்டும். ஒரு மாதத்துக்குள் எங்கள் ரோட்டில் போஞ்சிக் கம்பு தோறும் 'அட்டைக்கடி' ஆடிக்கொண்டிருந்தது. பாடாமலே பறவைகளை விரட்டுகிறது, பாடினால் என்ன ஆகும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அண்ணனோ ஆட்டோவை நிறுத்தி ரசித்தார்.

"வெயில்ல எப்புடி மின்னுது பாத்தீங்களா மிஸ்!"

பிறகு எனக்கு நுவரெலியாக் கிளைக்கு மாற்றம் வந்தது. அங்கே ஹோட்டல்கள் நிறைய இருப்பதால் வீட்டுக்காரருக்கும் தொழில் நடக்கும் என்று கிளம்பினோம். விஷயத்தைக் கேட்ட அண்ணன் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

"என்னா பாஸ், அந்தக் குளிருல பிரிட்ஜ் திருத்தப் போறீங்களா? அங்க ஜன்னலத் தொறந்து வச்சா அதுவே பிரிட்ஜ்தானே?"

நாங்கள் போய்விட்டோம். எங்கள் பங்கு 'அட்டைக்கடி' எங்கள் போஞ்சிக் கொடியோடு அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு மூன்று வருடங்கள் ஓடின. நுவரெலியாவில் பாண் ஆட்டோ கிணுகிணு என்று எல்லோருக்கும் பொதுவான மெட்டில்தான் வந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மழைக்காலத்தில் தலவாக்கலையில் ஒரு கல்யாணம். திரும்பி வரும் வழியில், நானுஓயாவுக்குக் கொஞ்சம் முன்னால் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. முன்னாலும் பின்னாலும் வாகனம். மண்ணை வழிக்க மெஷின் வர வேண்டும். வீட்டுக்காரரின் வேலை வேனுக்குள் நானும் அவரும் மட்டும்.

"நான் அப்பவே சொன்னேன், சாப்புட்ட ஒடனே கெளம்புவோம்னு," என்றேன்.

"ரெண்டாவது தரம் பாயாசம் வாங்குனது யாரு?"

இதற்கு மேல் பேசினால் விஷயம் எங்கள் சொந்தக் கல்யாணத்து விருந்து வரைக்கும் போகும் என்று இருவருக்குமே தெரியும். ரேடியோ இரைச்சல்தான் தந்தது. போனில் சிக்னல் இல்லை. ஏதாவது சத்தம் இருந்தால் நல்லது என்று முன்தட்டைத் திறந்து துழாவினேன். ஸ்க்ரூ, வயர், டேப் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சீடி கிடந்தது. அட்டையில், பஸ்ஸை மறிக்கும் கை சின்னதாகவும் பஸ் பெரியதாகவும் வரைந்த ஒரு படம். 'கடைசி பஸ்'. என் வீட்டுக்காரர் எதையும் எறிய மாட்டார்.

"அதப் போடப் போறியா?" என்றார் பயந்துபோய்.

"பாயாசத்தப் பத்திப் பேசுறதுக்கு இது பரவாயில்ல."

முதலில் பாட்டு வரவில்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. வெளியே எங்கோ மழை பெய்தது. யாரோ இருமினார். பிறகு ஒரு குரல், யாரும் இல்லாத அறையில், "ஆரம்பிக்கவா?" என்று கேட்டது. கிட்டார் தொடங்கியது. அதற்குப் பின்னால் அந்தக் குரல் பாடியது. தாழ்ந்த குரல். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நம்மிடம் மட்டும் சொல்வது போல.

"இது வேற யாரோ," என்றேன்.

"அவருதான். அந்த இருமல எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும்."

"இந்தக் கொரல் எங்க இருந்துச்சு இவ்வளவு நாளா?"

வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "கொழா ஸ்பீக்கர்ல அடிக்கொரல் வராது புள்ள. மேல்சத்தம் மட்டுந்தான் வரும். நம்ம அந்த மனுசனோட மேல்தோலத்தான் கேட்டிருக்கோம்."

பாட்டு ஒரு பஸ்ஸைப் பற்றியது. மலைக்கு ஏறும் கடைசி பஸ். ஒவ்வொரு சரணத்திலும் ஒருவர் ஏறுகிறார். கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு லீவில் வருகிற பையன், கேக் பெட்டியை நசுங்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கும் தாய், ஆஸ்பத்திரியில் இருந்து தனியாகத் திரும்புகிற ஒருவர். ஒவ்வொரு முறையும் கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்கிறார். சிரித்துக்கொண்டே கேட்டோம். பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். கடைசிச் சரணத்தில் பஸ் காலி. டிரைவரும் கண்டக்டரும் மட்டும். அந்தக் காலி பஸ்ஸில், பழக்கதோஷத்தில், கண்டக்டர் மெதுவாகச் சொல்கிறார்: "உள்ள போங்க, உள்ள போங்க." பாட்டு அங்கே நின்றுவிடுகிறது.

நாங்கள் இருவரும் வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னொருக்காப் போடுங்க," என்றேன்.

முன்னால் நின்ற மரக்கறி லொறியின் டிரைவர், ஒரு சிங்கள ஐயா, மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார். என்ன பாட்டு என்று கேட்டார். வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதையைச் சொன்னார். கண்டக்டர் காலி பஸ்ஸில் பேசும் இடம் வந்ததும் அவர் தலையை ஆட்டி, தன் அண்ணனும் கண்டக்டராக இருந்தவர்தான் என்றார். முழு ஆல்பமும் முடியும் வரை எங்கள் வேனில் சாய்ந்துகொண்டே நின்றார். அதற்குள் ரோட்டைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பின்னால் இருந்த வாகனங்கள் எல்லாம் ஹோர்ன் அடித்துத் திட்டின. கடைசிப் பாட்டில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போனோம். எங்கள் பழைய ரோட்டின் முனையிலேயே அண்ணனைப் பிடித்துவிட்டோம். ஆட்டோ அதேதான். ஆனால் கிணுகிணு என்று பொது மெட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை.

"எங்க அண்ணே ஒங்க பாட்டு?" என்றேன்.

"பாட்டா? அது இருந்துச்சு மிஸ். இப்ப இல்ல." விலை கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். "ஒரு நாள் அந்த ஸ்பீக்கரு ரிப்பேராகிப்போச்சு. சரி, திருத்துற வரைக்கும்னு பழைய டியூனப் போட்டேன். ரோட்டுல எல்லாரும், இன்னிக்கு நிம்மதியா இருக்குண்ணேன்னு சொன்னாங்க. சிரிச்ச மொகத்தோட சொன்னாங்க. அம்புட்டுப் பேரு சந்தோசமா இருக்கையில நாம எதுக்குக் கெடுக்கணும்? விட்டுட்டேன்."

"கிட்டாரு?"

"இருக்கு. கம்பியத்தான் பட்டர் கேக்கு வெட்ட எடுத்துட்டேன். கத்தியவிட நல்லா வெட்டுது மிஸ், தூள் ஒதிராது."

கிட்டார் பெட்டி ஆட்டோவின் பின்னால் இருந்தது. திறந்து காட்டினார். உள்ளே மாலுப் பணிஸ் சூடு ஆறாமல் அடுக்கியிருந்தது.

வேனில் 'கடைசி பஸ்' கேட்ட கதையைச் சொன்னோம். "அப்புடியா" என்றார். மற்ற இரண்டு ஆல்பங்களும் வேண்டும் என்றோம். அவரிடம் ஒன்றும் இல்லை. காற்றில் கூரைத் தகரம் பறந்து, கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் போய்விட்டதாம். 'பீலித் தண்ணி'யை அவருடைய அக்கா மகள் எப்போதோ போனில் ஏற்றி வைத்திருந்தாள். அது கிடைத்தது. 'அட்டைக்கடி' மட்டும் எங்குமே இல்லை.

"இல்லைன்னு யாரு சொன்னா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கை நீண்ட திசையில் ஒரு வேலிக்கு அப்பால் போஞ்சிக் கம்பில் ஏதோ மின்னியது.

அன்றைக்கு நாங்கள் செய்த வேலையைப் பார்த்தவர்கள் எங்களைத் திருடர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். தோட்டம் தோட்டமாகப் புகுந்து சீடிகளை அவிழ்த்தோம். எதிர்வீட்டு அக்கா லேசில் விடவில்லை.

"அதக் குடுத்துட்டா காக்கா வருமே?"

டவுனுக்குப் போய் ஒன்றுமே பதியாத புதுச் சீடிகள் வாங்கி வந்து பதிலுக்குக் கட்டினோம். காகங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கிம்புலா அண்ணனும் பாண் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு எங்களோடு சேற்றில் இறங்கினார். ஒவ்வொரு சீடியையும் திருப்பிப் பார்த்து, "இது நல்லாக் காஞ்சிருச்சு," "இது ஓரம் தீஞ்சிருக்கு" என்று பாணைப் பற்றிப் பேசுவது போலவே தரம் பிரித்தார்.

சேறு கழுவி, துணியால் துடைத்து, வேனில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். வெயிலில் காய்ந்ததும் மழையில் நனைந்ததும் கல்லில் உரசியதுமாக இருந்த சீடிகள். ஒன்றில் முதல் பாட்டு மட்டும் பிழைத்திருந்தது. இன்னொன்றில் நடுவில் இரண்டு. ஒருவர் தோட்டத்தில் பாதிப் பாட்டு, அடுத்தவர் தோட்டத்தில் மீதி. இப்படி ஊர் முழுக்கப் பொறுக்கி ஒரு ஆல்பத்தைக் கட்டி எழுப்பினோம். ஒரே ஒரு பாட்டு மட்டும் எதிலும் சரியாக வரவில்லை. எந்தச் சீடியைப் போட்டாலும் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு "கடி... கடி... கடி..." என்றது. குழாய் ஸ்பீக்கர் காலத்தில் ரோட்டையே எழுப்பிய அதே பாட்டு.

"போதும் பாஸ்," என்றார் அண்ணன். "ஒரு பாட்டுத்தானே. போனாப் போவுது." முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் துடைத்துக்கொண்டிருந்த சீடியைக் கீழே வைக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சத்தம் கேட்டு மேல்மாடியில் இருந்து சங்கீத டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தேடுறியள்?"

"'அட்டைக்கடி' டீச்சர்," என்றேன். "அண்ணனோட மூணாவது ஆல்பம்."

"அது என்னட்டை இருக்கு."

நாங்கள் மூவரும் முழங்கால் வரை சேற்றோடு நிமிர்ந்து நின்றோம்.

"நல்லா இருக்கா டீச்சர்?" என்றார் வீட்டுக்காரர். "கீறல் ஏதும் இல்லியே?"

"எப்பிடிக் கீறும்? நான் அதைத் திறக்கவே இல்லை. பொலித்தீன்கூடக் கழட்டேல்லை."

டீச்சரின் கண்ணாடி அலுமாரியில், புத்தகங்களுக்கு நடுவில், அது புத்தம் புதிதாக இருந்தது. இத்தனை தோட்டச் சேறும் வீண். ஒருவர் பாட்டைக் கேட்கவே மறுத்ததால்தான் அந்தப் பாட்டு உயிரோடு இருந்தது. டீச்சரே நகத்தால் கீறிப் பொலித்தீனைப் பிரித்தார். வீட்டுக்காரர் வேனில் இருந்து தன் பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்து, டீச்சரின் சீடி பிளேயரில் சொருகி, அண்ணனின் தலையில் மாட்டினார்.

அண்ணன் படியில் உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தார்.

"பாஸ், இது நானா?"

"நீங்கதான்."

"நான் கத்துறேன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்," என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். நாங்கள் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்தது டீச்சர். கண்ணை மூடிக் கேட்டார். கடைசியாக நான். 'கடி கடி' என்று இத்தனை வருடம் குரைத்த அந்தப் பாட்டு, இரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கடிக்கையில தெரியலியே,
கடிச்ச எடம் வலிக்கலியே,
கழண்டு நீ போன பெறகு
கசியிறது நிக்கலியே.

டீச்சர் ஹெட்போனை என்னிடம் இருந்து வாங்கி மறுபடி ஒரு முறை கேட்டார். "ரெண்டு இடத்தில சுருதி விலகுது," என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். "அந்த ரெண்டு இடத்தையும் மாத்திப் போடாதேங்கோ," என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது ஆரை நினைச்சு எழுதினது அண்ணை?" என்று கேட்டார்.

"அட்டைய நெனச்சுத்தான் டீச்சர்," என்றார் கிம்புலா அண்ணன்.

அந்த முகத்தில் இருந்து யாராலும் எதையும் எடுக்க முடியாது.

வீட்டுக்காரர் மூன்று ஆல்பங்களையும் இன்டர்நெட்டில் ஏற்றினார். உலகமே திரண்டு வந்து கேட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஆனால் ஹட்டன் பக்கம் ஓடும் ஒரு பஸ்ஸில் 'கடைசி பஸ்' போடுகிறார்களாம். அந்த வரி வரும்போது கண்டக்டர் வாயை மூடிக்கொள்கிறார் என்று சொன்னார்கள். கொழும்பில் வேலை செய்யும் ஒரு பெண், வீட்டு ஞாபகம் வந்தால் 'பீலித் தண்ணி' கேட்பதாக இரண்டு வரி எழுதியிருந்தாள். அண்ணன் அதை டீச்சரிடம் வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டாராம். டீச்சர் கிட்டாருக்குப் புதுக் கம்பி வாங்கிக் கொடுத்தார். பட்டர் கேக்கை இப்போது கத்தியால்தான் வெட்டுகிறார். தூள் உதிர்கிறது. வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள்.

நான்காவது ஆல்பம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு புதுப் பாட்டு வந்ததும் பின்னேரங்களில் எனக்கு போன் வரும். நான் சமைத்துக்கொண்டிருப்பேன்.

"மிஸ், ஒரு நிமிசம் இருக்குமா?"

கிம்புலா அண்ணனின் ஒரு நிமிடத்தில் பல்லவியும் இரண்டு சரணமும் உண்டு, நடுவில் மறந்துபோன வரியைத் தேடும் நேரமும் உண்டு. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு குழைந்துவிடும். குழைந்த சோறு எனக்கு இப்போது பிடித்துப் போய்விட்டது.